நம்ம தாமானில் புற்றுநோய் அதிகமா? தேசியப் பதிவேட்டோடு ஒப்பிடுவது எப்படி (சுங்கை சிப்புட்)

#1 செம்பனை31100

மலேசியாவில் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கம் மூடின தோட்டங்களிலிருந்து வந்தவங்க குடியிருக்கிற தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்), புற்றுநோய் கண்டவங்களைப் பட்டியல் எடுத்து, நாட்டு அளவோடு ஒப்பிட்டு, மாநில சுகாதார இலாகாவுக்கு ஓர் அறிக்கை கொடுக்கணும்னு வட்டாரக் குழுவில் பேச்சு. கிட்டத்தட்ட எல்லாரும் சொல்ற காரணம் ஒண்ணுதான்: தோட்டத்துல மருந்து அடிச்சது.

கேக்க வேண்டியது மூணு. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஊர் வாரியா எண் கிடைக்குமா? கிடைக்கலேன்னா நாமே கணக்குப் போடலாமா? எத்தனை பேர் இருந்தா "அதிகம்"னு சொல்லலாம்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவா எழுதுங்க.

#2 குறியீட்டறை

ஊர் வாரியாகக் கிடைக்காது. வெளியாகும் அறிக்கை நாடு, மாநிலம், ஆண் பெண், இனம், வயதுக் குழு, உறுப்பு என்ற அளவில் நின்றுவிடும். ஒரு தாமானில் மூன்று பேர் என்று அச்சிட்டால் அந்த மூன்று பேர் யார் என்று பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். சிறிய எண்ணை மறைப்பது அதனால்தான்.

பின்னணி: பினாங்கு 1994இல் தனக்கென மக்கள்தொகை சார்ந்த பதிவேடு தொடங்கியது. தேசிய அளவில் 2002, 2003 ஆண்டுகளுக்கான அறிக்கைகள் வந்தன. இப்போதைய தேசியப் பதிவேடு 2007 முதல் கணக்கெடுக்கிறது. புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஐந்தாண்டுத் தொகுப்பாக வருகிறது. 2007–2011இல் 103,507 புதிய நோயாளிகள். 2012–2016இல் 115,238. 2017–2021இல் 168,822.

கடைசி இரண்டு எண்ணைப் பார்த்து "46 விழுக்காடு ஏறிவிட்டது" என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். மக்கள்தொகை கூடியது, வயதானோர் கூடினர், தகவல் சேகரிப்பும் மேம்பட்டது. மூன்றும் கலந்த ஏற்றம் அது.

ஒரு நோயாளி பதிவேட்டுக்குள் வரும் வழி இதுதான். மாவட்ட மருத்துவமனையில் கட்டியிலிருந்து சதை எடுக்கிறார்கள். அது பெரிய மருத்துவமனையின் நோயியல் கூடத்துக்குப் போகிறது. புற்று என்று முடிவு வந்ததும் அறிவிப்புப் படிவம் நிரப்பப்பட்டு, மாநில சுகாதார இலாகாவின் புற்றுநோய்ப் பதிவுப் பிரிவுக்குச் சேர வேண்டும். அங்கே உறுப்புக்கு ஒரு குறியீடு, திசு வகைக்கு ஒரு குறியீடு. இரண்டும் ஐசிடி-ஓ-3 என்ற உலகப் பொது முறையில். பிறகு ஒரே ஆள் இரண்டு மருத்துவமனையிலிருந்து வந்திருக்கிறாரா என்று சலித்து எடுக்கிறார்கள். கடைசியாக, தேசியப் பதிவு இலாகாவின் இறப்புப் பட்டியலோடு பொருத்துகிறார்கள்.

இந்த வரிசையில் எங்கு வேண்டுமானாலும் ஒழுகும். சிங்கப்பூரில் புற்றுநோயை அறிவிப்பது சட்டக் கடமை. 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இங்கே அப்படி இல்லை, இலாகா ஒழுங்கும் மருத்துவமனைகளின் ஒத்துழைப்பும்தான். தனியார் மருத்துவமனைக்குப் போனவர்கள் விடுபட வாய்ப்பு அதிகம்.

#3 கிராணிவீட்டுப்பிள்ளை

ஒழுகுற இடத்தைப் பத்திச் சொல்றேன், தோட்டப்புறத்துக்கு இதுதான் முக்கியம்.

முதல்ல முகவரி. ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கிறது பழைய தோட்டத்து முகவரி. தோட்டம் மூடி, லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) இடிச்சு, ஆள் பத்து மைல் தள்ளி மலிவு விலை வீட்டுல இருப்பார். மருத்துவமனைக் கவுண்டர்ல ஐசியைச் செருகினதும் பழைய முகவரிதான் ஏறும். இல்லேன்னா பிள்ளைங்க கோலாலம்பூர்லேயோ கிள்ளான்லேயோ இருப்பாங்க. அம்மாவை அங்கே கூட்டிட்டுப் போய் வைத்தியம் பார்க்கிறப்போ பிள்ளை வீட்டு முகவரியைக் கொடுத்துடுவாங்க. அந்த அம்மா சிலாங்கூர் கணக்குல போயிடும், பேராக்ல ஒண்ணு குறையும்.

ரெண்டாவது, ஐசி எண்ணோட 7ஆவது, 8ஆவது இலக்கம். 08 பேராக், 10 சிலாங்கூர், 05 நெகிரி செம்பிலான். இதைப் பார்த்துட்டு "பேராக்காரர்"னு பட்டியல் போடுறவங்க நிறைய பேர். அது பிறந்த மாநிலம். இப்ப எங்க இருக்கார்னு அது சொல்லாது.

மூணாவது, நம்ம ஊர் பேரே சிக்கல். மலாக்கா அலோர் காஜா மாவட்டத்துலேயும் சுங்கை சிப்புட்னு ஒரு முக்கிம் (மாவட்டத்துக்குள்ள ஒரு சின்ன நிர்வாகப் பிரிவு) இருக்கு. நம்ம முகவரியில் அடைப்புக்குறிக்குள்ள "யூ" போடுறது உத்தாரா, வடக்குன்னு காட்டத்தான். படிவத்துல அதை விட்டுட்டா ஊர் பேரை வெச்சுப் பிரிக்கிற எந்தக் கணக்கும் தப்பும். அஞ்சல் குறியீடு 31100 போட்டிருக்கான்னு பாருங்க.

நாலாவது, பேரு. லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி, லக்ஷ்மி எல்லாம் ஒரே அம்மாவா இருக்கலாம். சில இடத்துல "ஏ/பி" (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பேர் வரும், சில இடத்துல "ஏ/பி" விட்டுப்போய் அப்பா பேரே முதல் பேரா ஏறிடும். பேரை வெச்சு மட்டும் சலிச்சா ஒரே ஆளை ரெண்டா எண்ணுவீங்க, இல்லேன்னா ரெண்டு முனியம்மாவை ஒண்ணாக்கிடுவீங்க. 12 இலக்க ஐசி எண்தான் பிடிமானம். ரொம்ப வயசானவங்களோட பழைய மருத்துவக் கார்டுல 7 இலக்கப் பழைய ஐசி எண் இருக்கும். அதுக்குத் தனியா ஒரு கட்டம் வெச்சுக்குங்க.

ஐசியே இல்லாதவங்களும் தோட்டப்புறத்துல இன்னும் இருக்காங்க. அவங்க எந்தக் கணக்குலயும் இல்ல.

#4 குறியீட்டறை

மேலே சொன்னதோடு இறப்பைச் சேருங்கள். என் மதிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை.

மருத்துவமனையில் இறந்தால் மருத்துவர் காரணம் எழுதுவார். வீட்டில் இறந்தால் பல காலமாகப் பெரும்பாலும் போலீஸ் நிலையத்தில் சொல்லித்தான் அடக்க அனுமதி வாங்கினார்கள். வீட்டார் சொன்னதைப் போலீஸ்காரர் எழுதினார்: "முதுமை". மார்பகப் புற்று முற்றிப் போய், வைத்தியம் வேண்டாம் என்று வீட்டுக்குக் கூட்டி வந்த அம்மாவும் "முதுமை"தான். நாட்டில் இப்படி மருத்துவர் சான்றில்லாத இறப்புகள் கணிசம். புள்ளிவிவரத் துறை அவற்றைத் தனி வகையாகவே காட்டுகிறது.

பதிவேட்டின் தரத்தைப் பார்க்கும்போது "இறப்புச் சான்று மட்டும்" என்ற விழுக்காட்டைப் பார்ப்பார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு தடயமும் கிடைக்காமல், இறப்புச் சான்றிலிருந்து மட்டும் தெரியவந்த நோயாளிகள் அவர்கள். அது அதிகமாக இருந்தால், பதிவேடு ஆட்களை உயிரோடு இருக்கும்போது தவறவிடுகிறது என்று பொருள். குறைவாக இருந்தால் நல்லது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் இறப்புச் சான்றிலேயே புற்று என்று எழுதாத ஊரில் அந்த விழுக்காடு தானாகவே குறைந்துவிடும். குறைந்த எண்ணைக் காட்டி "எங்கள் பதிவு முழுமை" என்று சொல்ல அங்கே வழியில்லை.

உங்கள் குழு ஒரே ஒரு வேலைதான் செய்யும் என்றால், இதைச் செய்யச் சொல்வேன்: வீட்டில் இறக்கும் புற்றுநோயாளியின் குடும்பம் இறப்பைத் தெரிவிக்கப் போகும்போது நோயாளியின் மருத்துவ அட்டையையோ நோயியல் முடிவையோ கையில் எடுத்துப் போகட்டும். எந்த உறுப்பில் தொடங்கியது என்று சொல்லட்டும். "ஈரலில் கட்டி" என்றால் போதாது. மார்பில் தொடங்கி ஈரலுக்குப் பரவியிருந்தால் அது மார்பகப் புற்று. இதைச் சொல்லாவிட்டால் ஈரல் புற்று என்றே எழுதப்படும்.

#5 செம்பனை31100

நன்றிங்க. முகவரி விசயம் யாருக்கும் தோணவே இல்ல. இப்ப எண்ணிக்கைக்கு வாங்க. ஒரு தாமான்ல 7 பேருன்னா அதிகமா இல்லையா?

#6 பாய்சான்

7 என்றால் எதில் 7, எத்தனை ஆண்டில், எத்தனை பேரில்? அது தெரியாமல் பதில் கிடையாது. கணக்குக்காக ஒரு கற்பனை ஊரை எடுக்கிறேன், உங்கள் ஊரின் எண் இல்லை.

2,000 பெண்கள். 5 ஆண்டு. ஆக 10,000 ஆள்-ஆண்டு. மார்பகப் புற்று ஆண்டுக்கு 100,000 பெண்களுக்கு 35 என்று வைப்போம். 10,000-ஐ 100,000-ஆல் வகுத்து 35-ஆல் பெருக்கினால் 3.5. இது எதிர்பார்ப்பு. கண்டது 7 என்றால் விகிதம் 2. இரட்டிப்பு! கூட்டத்தில் சொன்னால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள்.

இப்போது நிற்காமல் ஒரு கணக்கு. சராசரி 3.5 உள்ள இடத்தில், எந்தக் காரணமும் இல்லாமல், தற்செயலாகவே 7 அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு சுமார் 6.5 விழுக்காடு. எக்செலில் பாய்சான் சார்பை (தற்செயலாக வரும் எண்ணிக்கைக்கு வாய்ப்புச் சொல்லும் சூத்திரத்தை) போட்டு நீங்களே பார்க்கலாம். அதாவது இதே அளவுள்ள 100 தாமான்கள் இருந்தால், மருந்தும் இல்லை புகையும் இல்லை என்றாலும், ஆறேழு தாமானில் இப்படி வரும். அந்த ஆறேழு தாமானில் மட்டும்தான் கூட்டம் கூடும், மற்ற 93இல் யாரும் எண்ணவே மாட்டார்கள்.

7-க்கு 95 விழுக்காட்டு எல்லை, அதாவது உண்மைச் சராசரி பெரும்பாலும் இருக்கக்கூடிய வரம்பு, 2.81 முதல் 14.42. இரண்டையும் 3.5-ஆல் வகுங்கள்: 0.80 முதல் 4.12. ஒன்று, அதாவது எதிர்பார்த்த அளவே என்பதைக் குறிக்கும் எண், உள்ளே விழுகிறது. எனவே "கூடுதல்" என்று உறுதியாகச் சொல்ல முடியாது. "கூடுதல் இல்லை" என்றும் சொல்ல முடியாது, மேல் எல்லை நான்கு மடங்கைத் தாண்டுகிறதே. சிறிய ஊரின் நிலைமை இதுதான்.

மேலே 35 என்று ஒரே எண்ணைப் போட்டது சோம்பேறிக் கணக்கு. ஒழுங்காகச் செய்ய, பெண்களை 5 வயது வீதம் 18 குழுவாகப் பிரிக்க வேண்டும்: 0–4, 5–9 என்று தொடங்கி 85-க்கு மேல் வரை. ஒவ்வொரு குழுவுக்கும் தேசிய விகிதத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். தோட்டப் பட்டணங்களில் இது ரொம்ப அவசியம், ஏனென்றால் இளையவர்கள் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். பதிவேடுகள் வயதைச் சமன்செய்யப் பயன்படுத்தும் செகி உலக மக்கள்தொகை என்ற பொது மாதிரியில் 60 வயதுக்கு மேற்பட்டவர் 100,000-இல் 11,000 பேர்தான். உங்கள் தாமானில் ஐந்தில் ஒருவர் 60-ஐத் தாண்டியவர் என்றால், சமன்செய்யாத எண் எப்போதும் பயமுறுத்தும்.

#7 சாலாக்வட்டாரம்

மக்கள்தொகையை எங்கிருந்து எடுப்பது? தாமான் அளவில் வயது வாரியாக யாரிடமும் இல்லையே.

#8 பாய்சான்

இல்லைதான். புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசெம் தளத்தில் மாவட்டம், பால், 5 வயதுக் குழு, இனம் நான்கும் சேர்ந்த அட்டவணை இருக்கிறது. இலவசம். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்துக்குள் வருகிறது, எனவே கோலகங்சார் எண்ணைத்தான் எடுக்க முடியும். கவனம்: மக்கள்தொகைப் பத்தி ஆயிரத்தில் இருக்கிறது. 1.2 என்றால் 1,200 பேர். இதைக் கவனிக்காமல் விகிதம் போட்டால் ஆயிரம் மடங்கு பிழை வரும்.

அதே துறையின் கவாசான்கு தளத்தில் நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி வரை இன விகிதம் கிடைக்கும். ஆனால் வயது மிக அகலமான பிரிவில்தான், 18 குழுவுக்கு அது உதவாது. நாடாளுமன்றத் தொகுதி எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. நோயாளிகளை ஓர் எல்லையிலும் மக்கள்தொகையை இன்னோர் எல்லையிலும் எடுத்தால் விகிதத்துக்குப் பொருளே இல்லை.

குடியுரிமை இல்லாத தொழிலாளர்களையும் யோசியுங்கள். செம்பனைத் தோட்டங்களில் இன்று அவர்கள்தான் அதிகம். அந்த அட்டவணையில் அவர்களுக்குத் தனி வகை இருக்கிறது. விகிதத்தில் மேலே (நோயாளிகளில்) விட்டால் கீழேயும் (மக்கள்தொகையிலும்) விடுங்கள், மேலே சேர்த்தால் கீழேயும் சேருங்கள்.

#9 மருந்துத்தொட்டி

மருந்து அடிச்ச விசயத்துக்கு வரேன், யாரும் தொடலையே.

"மருந்தால் புற்று" என்பது ஆராயக்கூடிய கேள்வியே இல்லை. எந்த மருந்து, எந்த உறுப்பு? கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை 2015இல் உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2ஏ பிரிவில், அதாவது "மனிதருக்கு அநேகமாகப் புற்று உண்டாக்கும்" என்ற பிரிவில் வைத்தது. அங்கே சந்தேகம் விழுந்தது நான்-ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றின் மேல். பாராகுவாட் என்ற இன்னொரு களைக்கொல்லி இங்கே 2020 ஜனவரி 1 முதல் தடை. அது கொடிய நஞ்சு, குடித்தவருக்கு மாற்று மருந்தே இல்லாத நஞ்சு. தடைக்குப் பின்னால் இருந்தது அந்தக் கொடுமைதான், புற்றுநோய்க் கணக்கு இல்லை.

அதனால் மார்பகம், பெருங்குடல், நுரையீரல், கர்ப்பப்பை எல்லாத்தையும் ஒரே பட்டியலில் போட்டு "மொத்தம் 30" என்று எழுதினால் மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றே அர்த்தம். வெவ்வேறு காரணமுள்ள வெவ்வேறு நோய்கள் அவை. மருந்துச் சந்தேகம் உண்மையில் இருந்தால் நிணநீர்ப் புற்றைத் தனியாக எடுங்க. எடுக்கும்போது தெரியும், ஊர் அளவில் அது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மாநில அளவுக்குப் போயே ஆகணும்.

இன்னொன்று காலம். இப்படியான காரணம் இருந்தால் நோய் தெரிய 10, 20, 30 வருசம் ஆகும். இன்று தாமானில் இருப்பவர் அப்போது எந்தத் தோட்டத்தில், எந்த வேலையில் இருந்தார்? பால் மரம் வெட்டினாரா, மருந்து அடித்தாரா, உரம் போட்டாரா? மருந்து அடித்தவர்களில் பெண்கள் நிறைய. பதிவேட்டில் இது இருக்காது. உங்கள் குழு சேகரித்தால்தான் உண்டு. முகவரியைவிட இந்தப் பத்திக்கு மதிப்பு அதிகம்: தோட்டத்தின் பெயர், வேலை, தொடங்கிய ஆண்டு, விட்ட ஆண்டு.

#10 செம்பனை31100

அப்ப பதிவேட்டுல தெரியற வட்டார வித்தியாசம் எதுவுமே நம்பக்கூடாதா?

#11 குறியீட்டறை

அப்படியில்லை தம்பி. சில வட்டார வடிவங்கள் எல்லாச் சோதனையும் தாண்டி நிற்கின்றன.

சரவாக்கில் பிடாயூ பழங்குடி மக்களிடம் மூக்குத்தொண்டைப் புற்று மிக அதிகம். உலக அளவிலேயே உயர்ந்தவற்றுள் ஒன்று. தீபகற்பத்தில் அது சீன ஆண்களிடம் அதிகம். ஒரு வைரஸ், மரபு, உப்புக்கண்ட மீன் என்று காரணங்களும் தெரியும். கிளந்தானில் மலாய்க்காரர்களிடம் வயிற்றுப் புற்று மிகக் குறைவு. அங்கே ஹெலிகோபாக்டர் என்ற வயிற்றுக் கிருமித் தொற்றும் மிகக் குறைவு, இரண்டும் பொருந்துகின்றன. இந்தியர்களான நம்மவர்களிடம் அதே கிருமி நிறைய இருந்தும் வயிற்றுப் புற்று சீனர்களைவிடக் குறைவு. அதற்கு இன்னும் முழு விளக்கம் இல்லை.

நம்பத்தகாத வடிவத்துக்கும் உதாரணம் இருக்கிறது. பினாங்கின் விகிதம் பிற மாநிலங்களைவிட உயர்ந்து நிற்கும்போது, அங்கே நோய் அதிகம் என்பதற்கு முன்னால், 1994இலிருந்து தேடித் தேடிப் பதிந்த இடம் அது என்பதை எண்ண வேண்டும். நோயியல் கூடமே தூரமாக உள்ள உட்புறங்களில் எண் தாழ்ந்திருந்தால் நோய் குறைவு என்று மகிழ வேண்டாம். வட்டாரப் படத்தில் வெளிர் நிறமாய்த் தெரியும் மாவட்டத்தில்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

2020ஐயும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பரிசோதனைகள் தள்ளிப்போயின. அந்த ஆண்டில் எங்காவது எண் சரிந்திருந்தால், சரிந்தது கண்டுபிடிப்பு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன், அடிக்கடி கேட்கிறார்கள். உலக நாடுகளின் புற்றுநோய் எண்ணிக்கையை மதிப்பிடும் குளோபோகான் மலேசியாவுக்கு 2020இல் ஏறத்தாழ 48,600 புதிய நோயாளிகள் என்றது. பதிவேட்டின் 168,822-ஐ 5-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 33,764. ஒன்று பொய்யா? குளோபோகான் மதிப்பீடு, பதிவேடு கையில் கிடைத்த எண்ணிக்கை. முன்னது பழைய தரவிலிருந்து முன்கணித்துச் சொல்வது. இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

#12 கன்னக்கதுப்பு

வாய்ப்புற்று பற்றி ஒருத்தரும் பேசவில்லை. அதனால்தான் உள்ளே வந்தேன்.

தோட்டப்புற இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம், பதிவேடு ஒவ்வொரு முறையும் அழுத்திக் காட்டுவது இதைத்தான். நாட்டில் வாய்ப்புற்று விகிதம் இந்தியப் பெண்களிடம்தான் மிக அதிகம். பல நாடுகளில் இது ஆண்களின் நோய். இங்கே நம் பெண்கள் ஆண்களை முந்துகிறார்கள். காரணம் தேடி அலைய வேண்டாம், வெற்றிலைத் தட்டில் இருக்கிறது. புகையிலை வைத்த தாம்பூலம் புற்று உண்டாக்கும் என்று 1985லேயே உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சொல்லிவிட்டது. "நான் புகையிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்பவர்களுக்கு 2004இல் பதில் வந்தது: பாக்கு மட்டுமே போதும், அதுவும் முதல் பிரிவு, அதாவது புற்று உண்டாக்குவது உறுதி.

கணக்கெடுக்கும்போது வரும் பிழை: பதிவேட்டில் "வாய்" என்றால் உறுப்புக் குறியீடு சி03 முதல் சி06 வரை, அதாவது ஈறு, வாயின் தரை, அண்ணம், கன்னத்தின் உட்பக்கம். நாக்கு தனி (சி01, சி02), உதடு தனி (சி00). வேறு சில அறிக்கைகள் மூன்றையும் சேர்த்து "உதடும் வாய்க்குழியும்" என்று போடும். நீங்கள் நாக்கையும் சேர்த்து எண்ணிவிட்டு, நாக்கில்லாத தேசிய விகிதத்தோடு ஒப்பிட்டால் உங்கள் ஊர் பயங்கரமாகத் தெரியும். வெற்றிலையை அடக்கி வைக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு அடிக்கடி வருவது கன்னத்தின் உட்பக்கம், சி06.0. படிவத்தில் வெறுமனே "வாய்" என்று எழுதினால் சி06.9, இடம் குறிப்பிடாதது. அது குவிந்தால் வெற்றிலைத் தடயமே மறைந்துபோகும்.

பழக்கப் பத்தியில் "வெற்றிலை: ஆம் / இல்லை" என்று போடாதீர்கள் அக்காமாரே. பாக்கு உண்டா, புகையிலை உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை வருடம், இரவில் கன்னத்தில் அடக்கித் தூங்குவதுண்டா. இவ்வளவும் வேண்டும். விட்டவர்களைக் கேட்கும்போது எந்த வருடம் விட்டார் என்றும் கேளுங்கள்.

ஊர் அளவில் எண் சிறிதாயிருக்கும் என்று மேலே சொன்னார்கள். வாய்க்கு அது ஒரு தடையே இல்லை, புற்றாகும் முன்பே கண்ணால் பார்க்கலாம். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் திறக்க முடியாமல் இறுகுவது. தன் மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்க முடியாதவரை அரசாங்கப் பல் மருத்துவ நிலையத்துக்கு அனுப்புங்கள். இந்தியத் தோட்டச் சமூகத்தைக் குறிவைத்து வாய்ப் பரிசோதனைத் திட்டமே சுகாதார அமைச்சில் இருக்கிறது. பட்டியலோடு போய்க் கேட்டால் ஒரு நாள் முகாமுக்கு வருவார்கள்.

#13 மருந்துத்தொட்டி

அக்கா சொல்றது சரி. மருந்தைப் பற்றிக் கேட்டால் நிர்வாகம் எதிராளி, வெற்றிலையைப் பற்றிக் கேட்டால் நம்ம பாட்டியே எதிராளி. கூட்டத்தில் எது எளிதாய்ப் பேசப்படும் என்று சொல்லவா வேண்டும்.

#14 பாய்சான்

மார்பகத்திலும் இன வித்தியாசம் தெளிவு. 2012–2016இல் வயது சமன்செய்த விகிதம் 100,000-க்கு: சீனப் பெண்கள் 40.7, இந்தியப் பெண்கள் 38.1, மலாய்ப் பெண்கள் 31.5. முந்தைய ஐந்தாண்டில் 41.5, 37.1, 27.2. இந்தியப் பெண்கள் அதிகம் உள்ள தாமானை எல்லா இனத்தின் தேசிய விகிதத்தோடு (34.1) ஒப்பிட்டால், ஒரு காரணமும் இல்லாமலேயே ஊர் உயர்ந்து தெரியும். இந்திய விகிதத்தோடு ஒப்பிடுங்கள். #6இல் நான் போட்ட 35 இப்படித்தான் தாழ்ந்தது, 38-ஐப் போட்டால் எதிர்பார்ப்பு 3.8 ஆகும்.

#15 சாலாக்வட்டாரம்

நாம் நேரடியாகத் தேசியப் பதிவேட்டிடம் 31100-க்கு எண் கேட்க முடியாதா?

#16 குறியீட்டறை

ஆய்வாகக் கேட்கலாம். தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவில் ஆய்வைப் பதிய வேண்டும், அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பல்கலைக்கழக ஆய்வாளரோ அரசு மருத்துவரோ முதன்மை ஆய்வாளராக இல்லாமல் ஒரு வட்டாரக் குழு தனியாகப் போனால் நகராது. கேட்கும்போது "சுங்கை சிப்புட்டில் எத்தனை புற்றுநோய்" என்று கேட்காதீர்கள். "கோலகங்சார் மாவட்டம், இந்தியர், 2012 முதல் 2021 வரை, சி50 (மார்பகம்), சி03–சி06 (வாய்), நிணநீர்ப் புற்று, பால், 5 வயதுக் குழு, கண்டறிந்தபோது இருந்த நிலை" என்று கேளுங்கள். பத்தாண்டு, மாவட்டம் என்று விரித்தால் எண்ணுக்குக் கொஞ்சம் சதை வரும்.

நிலையை விடாதீர்கள். நாடு முழுக்க, 3, 4ஆம் நிலையில் (முற்றிய கட்டத்தில்) கண்டறியப்பட்டோர் 2012–2016இல் இருந்த 63.7 விழுக்காட்டிலிருந்து 2017–2021இல் 65.1 விழுக்காடாகக் கூடியிருக்கிறது. தோட்டப் பட்டணத்தில் எத்தனை பேருக்கு வந்தது என்பதில் நிரூபிக்க முடியாததை, எவ்வளவு தாமதமாக வந்தார்கள் என்பதில் நிரூபிக்க முடியலாம். அதற்கு மக்கள்தொகை எண் தேவையில்லை, நோயாளிகளுக்குள்ளேயே வகுத்தால் போதும். கட்டி தெரிந்த மாதம், முதலில் கிளினிக் போன மாதம், சதை எடுத்த மாதம், சிகிச்சை தொடங்கிய மாதம் என்று நான்கு தேதியை வாங்குங்கள். எந்த இடைவெளியில் காலம் போகிறது என்று பார்த்துவிடலாம்.

#17 செம்பனை31100

அப்ப நம்ம படிவம் இப்படி இருக்கட்டுமா: ஐசி எண், பழைய ஐசி எண், இப்ப இருக்கிற முகவரி (31100 உட்பட), நோய் கண்டப்போ இருந்த முகவரி, உறுப்பு, நோயியல் முடிவு உண்டா இல்லையா, நாலு தேதி, நிலை, தோட்டம் - வேலை - ஆண்டு, வெற்றிலை விவரம். சரியா?

#18 கிராணிவீட்டுப்பிள்ளை

ஐசி எண்ணையும் நோயையும் ஒரே தாளில் வைக்காதீங்க. ஆளுக்கு ஒரு வரிசை எண் கொடுங்க. எண்ணும் ஐசியும் ஒரு புத்தகத்துல, அதைச் செயலாளர் மட்டும் பூட்டி வைக்கட்டும். எண்ணும் நோயும் இன்னொரு தாள்ல. வாட்சாப் குழுவுல ஒரு படம்கூடப் போகக்கூடாது. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிற வீட்டுல இந்தப் பட்டியல் எப்படிப் பயன்படும்னு சொல்லித் தெரியணுமா. கையெழுத்து வாங்கிட்டுத்தான் எழுதணும், இறந்தவங்கன்னா வீட்டுப் பெரியவங்ககிட்ட.

#19 குறியீட்டறை

"இறந்த இடம்: வீடு / மருத்துவமனை", "சான்றில் எழுதிய காரணம்" இரண்டையும் சேருங்கள். கண்டறிந்த தேதி என்பது சதை எடுத்துப் புற்று என்று உறுதியான தேதி. வேதிச்சிகிச்சை தொடங்கிய தேதி இல்லை. 2016 டிசம்பரில் முடிவு வந்து 2017 பிப்ரவரியில் மருத்துவமனை சேர்ந்தவர் 2016-க்குத்தான் போவார்.

ஒரே ஆளுக்கு இரண்டு மார்பிலும் ஒரே வகைப் புற்று என்றால் புதிய நோயாளிகள் கணக்கில் ஒன்றுதான். இரட்டை உறுப்பை ஒன்றாகவே எண்ணுவது உலக விதி. "2" என்று முடியும் திசு வகைக் குறியீடு, அதாவது ஊடுருவாமல் தொடங்கிய இடத்துக்குள்ளேயே அடங்கிய புற்று, மொத்தத்தில் சேராது. "3" என்று முடிவதுதான் சேரும். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் பிடிபடும் ஆரம்ப மாற்றங்களைச் சேர்த்துவிட்டு எண்ணிக்கை கூடியதாகச் சொல்வது நிறைய நடக்கிறது.

#20 கன்னக்கதுப்பு

வெற்றிலைக் கேள்வியை மருமகள் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். இருந்தால் "எப்பவாவது"தான் பதில்.